ஹூடில் ஒழுகும் ரெயின் ஜாக்கெட்: பாட்டில் துணியின் குற்றமா?

கேள்வி – கூடலூர் வாசகர், ஜூன் 3, 2025

பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த துணி என்று சொன்னதால் போன வருடம் ஒரு ரெயின் ஜாக்கெட் வாங்கினேன். விலை 4,800 ரூபாய். முதல் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் மேலே முத்து முத்தாக உருண்டு ஓடியது. இந்த வருடம் எடுத்துப் போட்டால் தலை, கழுத்து, தோள் எல்லாம் நனைகிறது. ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். மறுசுழற்சித் துணி என்றாலே வலு குறைவு, குப்பையில் வந்தது குப்பைக்கே போகும் என்கிறார் மைத்துனர். உண்மையா? காப்பாற்ற வழி உண்டா, புதிது வாங்கட்டுமா?

ஜூன் 3, இரவு

வாங்காதீர்கள். முதலில் துவையுங்கள்.

நான் வால்பாறையில் ஒரு நாற்றங்காலில் சோலை மரக்கன்று வளர்க்கும் வேலையில் இருக்கிறேன். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் சின்னக்கல்லாறு எங்களுக்குப் பக்கம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை என் ஜாக்கெட் காய்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. அதுவும் பாட்டில் துணிதான். 2021இல் வாங்கியது, இப்போது ஐந்தாவது மழைக்காலம்.

"ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை" என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. இந்த ஜாக்கெட்டுகளில் மழையைத் தடுப்பது இரண்டு விஷயம். உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வோ பூச்சோ இருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அது. வெளித்துணியின் மேல் இன்னொரு பூச்சு, தண்ணீரை உருட்டிவிடுவதற்கு. கண்ணுக்குத் தெரியாத சின்ன மயிர்கள் சிலிர்த்து நிற்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். அழுக்கும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் அவை படுத்துவிடும். வெளித்துணி தண்ணீரைக் குடிக்கும். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வியர்வை ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தண்ணீராகும். நமக்கோ ஒழுகுகிற மாதிரியே இருக்கும். பல நேரம் அது மழைத்தண்ணீரே இல்லை, நம் வியர்வைதான்.

ஜூன் 4

மைத்துனர் சொன்னதற்குப் பதில் விட்டுப்போயிற்று. வலு குறைவு என்பது சரியில்லை. பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் ஒரே பொருள், பெட் (PET) என்னும் பிளாஸ்டிக். உருக்கும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் கொஞ்சம் அறுந்து குட்டையாகும் என்பது உண்மை. ஆனால் பாட்டிலுக்குப் பயன்படும் பெட்டின் சங்கிலி துணி நூலுக்குத் தேவையானதைவிட நீளமானது. கொஞ்சம் குறைந்தாலும் நூல் இழுக்கப் போதும். 1993லேயே படகோனியா நிறுவனம் பாட்டிலிலிருந்து கம்பளித்துணி மாதிரியான ஃபிளீஸ் செய்து விற்கத் தொடங்கிவிட்டது.

ஒரு வருடத்தில் உங்களைக் கைவிட்டது மேலே பூசிய பூச்சு. புதிய பாலியஸ்டராக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஜூன் 7

எப்படித் துவைப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வதை எழுதுகிறேன்.

பாக்கெட்டில் இருப்பதை எடுத்துவிட்டு ஜிப், ஒட்டுப்பட்டி எல்லாவற்றையும் மூடுங்கள். தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள், அது சொல்வதுதான் கடைசி வார்த்தை. பெரும்பாலும் 30 டிகிரி என்று இருக்கும், நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே அந்தக் கணக்குத்தான். வால்பாறையில் அதைவிடவும் குளிர்ந்திருக்கும், பரவாயில்லை. ஜாக்கெட்டுக்கென்றே விற்கும் சோப்புத் திரவம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வாசனை குறைவான லிக்விட் டிடர்ஜென்ட், வழக்கமாக ஊற்றுவதில் கால்வாசி. பவுடர் வேண்டாம், தையலுக்குள் தங்கிவிடும். சலவைக் கட்டியும் வேண்டாம். பிளீச் கூடாது. துணி மெத்தென்று இருக்க ஊற்றும் கண்டிஷனர் கூடவே கூடாது, அது தண்ணீரை இழுக்கும் ஒரு படலத்தைத் துணிமேல் விட்டுப் போகும்.

அலசுவதில்தான் பாதி வேலை. சோப்பு என்பதே தண்ணீரைத் துணிக்குள் அழைத்துப் போகும் பொருள். அது மிச்சமிருந்தால் துவைத்ததற்குப் பலனில்லை. மூன்று தண்ணீர் அலசுங்கள். நான் நான்காவதும் அலசுவேன். எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத மாதங்கள் இவை. சமவெளியில் இருப்பவர்கள் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் போர் தண்ணீரில் அலசியபோது வெள்ளைப் படிவு நின்றது. அதே ஜாக்கெட்டைச் சிறுவாணித் தண்ணீரில் அலசினதும் சரியாயிற்று.

முறுக்கிப் பிழியாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வும் தையல்மேல் ஒட்டிய டேப்பும் பிய்ந்துவிடும். தலைகீழாகக் கொடியில் போட்டு வடியவிடுங்கள், நிழலில்.

ஜூன் 8

முக்கியமானதை விட்டுவிட்டேன். காய்ந்த பிறகு சூடு காட்ட வேண்டும். படுத்த பூச்சு திரும்ப எழுவது சூட்டில்தான். வெளிநாட்டில் டிரையரில் 20 நிமிடம் போடுவார்கள். நம்மிடம் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. மிகக் குறைந்த சூடு, நீராவி வேண்டாம், நடுவில் ஒரு பருத்தித் துண்டு, ஒரு இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள். சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்தின்மேல் குறுக்குக்கோடு இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட ஜாக்கெட்டுக்கு முடி உலர்த்தும் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

கரிப்பெட்டி வைத்திருக்கும் கடையில் கொடுக்க வேண்டாம். அந்தச் சூட்டைக் குறைக்க வழி கிடையாது. 2022இல் அவசரத்துக்குக் கொடுத்துவிட்டு, முதுகில் உள்ளங்கை அளவு பளபளப்போடு திரும்ப வாங்கினேன். அந்த இடம் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஜூன் 12: தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மேலே போங்கள்

ஒருவர் பைக்கில் போடும் சாதாரண ரெயின்கோட்டை இஸ்திரி செய்து அது பெட்டியோடு ஒட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், வருந்துகிறேன். வழுவழுவென்று, ரப்பர் ஷீட் போலக் கனமாக, வளைத்தால் மடிப்பு விழும் கோட்டுகள் பி.வி.சி. அவற்றுக்குச் சூடு ஆகாது, தேவையும் இல்லை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயப்போட்டால் போதும். 8ஆம் தேதி எழுதியது, வெளியே துணியாகவும் உள்ளே சவ்வாகவும் இருக்கும் ஜாக்கெட்டுக்கு மட்டும்.

ஜூன் 19

கூடலூர்க்காரர் துவைத்துப் பார்த்திருக்கிறார். கையும் மார்பும் முன்போல முத்து உருட்டுகின்றனவாம். ஹூடும் கழுத்தும் மட்டும் இன்னும் கறுத்து நனைகின்றன. தோளில் பாதிதான் சரியாகியிருக்கிறது. படம் அனுப்பியிருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் என் ஜாக்கெட்டின் ஹூடை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு ஹூடை இழுத்து மாட்டுகிறோம். அந்த எண்ணெய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே இறங்குகிறது. ஐரோப்பாவில் எழுதும் பராமரிப்புக் குறிப்புகளில் சன்ஸ்கிரீன், வியர்வை, புகை எல்லாம் வரும். தலை எண்ணெய் வந்து நான் பார்த்ததில்லை. நமக்கு இதுதான் முதல் எதிரி.

அதிலும் இப்போது வரும் ஜாக்கெட்டுகளில் இது கூடுதலாகத் தெரியும். பழைய பூச்சுகளில் ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. அவை தண்ணீர், எண்ணெய் இரண்டையும் விலக்கும். புதிய ஃபுளோரின் இல்லாப் பூச்சு தண்ணீரை நன்றாகவே விலக்குகிறது, எண்ணெயிடம் தோற்றுவிடுகிறது. பாட்டில் துணி ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்தப் புதிய பூச்சுதான். மைத்துனர் பார்த்த வித்தியாசம் இதுவாகவே இருக்கலாம், பழியைத் துணிமேல் போட்டுவிட்டார்.

செய்ய வேண்டியது: ஹூடின் உள்பக்கம், கழுத்துப்பட்டி இரண்டிலும் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பழைய மெத்தென்ற பல்துலக்கும் பிரஷால் தடவி 10 நிமிடம் விடுங்கள். பிறகு முழுதாகத் துவைத்து அலசி, சூடு காட்டுங்கள். நான் இப்போது ஹூடுக்குள் ஒரு பருத்தித் துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறேன். துண்டைத் தினமும் துவைக்கலாமே.

தோள் வேறு கதை. பை மாட்டுவீர்களா? பட்டை உரசி உரசிப் பூச்சு தேய்ந்துபோயிருந்தால் துவைத்து வராது. அந்த இடத்துக்கு மட்டும் புதிதாகப் பூச வேண்டும்.

ஜூன் 20

ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்க வேப்பெண்ணெய் தடவுகிறவர்களுக்கும் இதே விஷயம். கையிலும் காலிலும் தடவிவிட்டு அதே கையால் ஜாக்கெட் நுனியை இழுத்தால் கறுப்புத் திட்டு விழும். எங்கள் நாற்றங்காலில் எல்லார் ஜாக்கெட்டிலும் விளிம்பு அப்படித்தான் இருக்கிறது, காரணம் இப்போதுதான் புரிகிறது. காலுறைமேல் உப்போ மூக்குப்பொடியோ போதும்.

ஜூன் 28

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துவைக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். ஆசையோடு செய்து பார்த்தேன். ஆறு கொட்டைத் தோலை இரவே ஊறவைத்து, வடிகட்டி, என் பழைய ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் துவைத்தேன். சேறு போயிற்று. எண்ணெய் பாதிதான் போயிற்று. நுரை அலச அலசக் குறைந்தும், காய்ந்த பிறகு சொட்டு வைத்தால் மெல்லப் பரவியது. அந்தக் கையை மட்டும் இன்னும் இரண்டு தண்ணீர் அலசிச் சூடு காட்டியதும் சரியாயிற்று. அதுவும் சோப்பு மாதிரிதானே, நுரைக்கிற எதுவானாலும் மிச்சம் தங்கினால் தண்ணீரை இழுக்கத்தான் செய்யும்.

ஆகவே முடியும், ஆனால் அலசல் கூடும். பட்டுச்சேலைக்குப் பூந்திக்கொட்டை, ஜாக்கெட்டுக்கு லிக்விட் என்றுதான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

ஜூலை 6

புதிதாகப் பூசுவது பற்றி. ஸ்பிரே பாட்டில் வாங்கும்முன் 'பி.எஃப்.ஏ.எஸ் இல்லாதது' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தண்ணீரை விலக்கப் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்களின் குடும்பப் பெயர் அது. மண்ணிலும் தண்ணீரிலும் உடம்பிலும் சேர்ந்தால் எளிதில் சிதையாது. அதில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ 2019இல், எளிதில் சிதையாத நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலுக்குப் போனது. கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து துணிகளில் இந்தக் குடும்பத்தையே தடுத்துவிட்டது, கடும் மழைக்கான சிறப்பு உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். பிரான்ஸில் 2026 ஜனவரியிலிருந்து தடை. நிக்வாக்ஸ் போல ஆரம்பத்திலிருந்தே இவற்றைத் தொடாத நிறுவனங்களும் உண்டு.

எங்கள் ஓடை ஆனைமலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்குக் குடிதண்ணீராகப் போகிறது. பாட்டிலைக் காப்பாற்றிய ஜாக்கெட்டின்மேல் இந்த மருந்தை அடித்து அந்த ஓடையில் அலச எனக்கு மனம் வராது.

ஸ்பிரேயை, துவைத்து ஈரமாக இருக்கும்போதே வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் காயவிட்டுச் சூடு காட்டுங்கள். டப்பாவில் வேறு முறை சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். முழு ஜாக்கெட்டுக்கும் அடிக்க வேண்டியதில்லை. தோள், முழங்கைக்கு முன்பகுதி, பையின் பட்டை படும் இடுப்பு, இவ்வளவுதான் தேயும்.

ஜூலை 15

இன்று மழை நிற்கவே இல்லை, வேலைக்கும் போகவில்லை. அம்மாவிடம் ஜாக்கெட் கதையைச் சொன்னேன். அம்மா 31 வருடம் தேயிலை பறித்தவர். "நாங்க கொங்காணி போட்டுத்தானே பறிச்சோம்" என்றார்.

யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. முதுகு வரை தொங்கும். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் படுதா. நான் பள்ளிக்குப் போனதும் அப்படித்தான். இப்போது நினைத்தால், எங்கள் வீட்டுக்கு மறுபயன்பாட்டு மழையுடுப்பு வந்து 40 வருடமாகிறது.

சாக்கைப் பராமரிக்க அம்மாவுக்கு முறை இருந்தது. உரம் போக ஓடையில் மூன்று தடவை கழுவுவார். வெயிலில் மட்டும் போட மாட்டார். வெயில் பட்ட சாக்கு ஒரு மாதத்தில் விரலால் தொட்டாலே நார் நாராக உதிரும் என்பார். அது பாலிப்ரொப்பிலீன், வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சீக்கிரம் நொறுக்கும். பாலியஸ்டர் இன்னும் தாங்கும், என்றாலும் பூச்சும் டேப்பின் பசையும் தாங்காது. ஜூன் 7ஆம் தேதி நிழலில் காயப்போடுங்கள் என்று எழுதினேனே, அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அம்மா சாக்கை வெயிலில் போடாததைப் பார்த்து வந்த பழக்கம்.

ஜூலை 27

ஒரு மனக்குறை. மூன்று நான்கு தண்ணீர் அலசச் சொன்னேன். ஒவ்வொரு அலசலிலும் பாலியஸ்டர் நுண்ணிழை கொஞ்சம் உதிர்ந்து சாக்கடைக்குப் போகும். மறுசுழற்சிப் பாலியஸ்டரும் அப்படியே. அப்படியானால் அடிக்கடி துவைக்கச் சொன்னது தப்பா?

இரண்டு நாள் இதே யோசனை. ஜாக்கெட்டின் வெளித்துணி நீள இழையில் இறுக்கமாக நெய்தது. பொசுபொசுவென்ற ஃபிளீஸ் உதிர்க்கும் அளவுக்கு இது உதிர்க்காது. மெஷினில் உருட்டுவதைவிடத் தொட்டியில் கையால் அலைப்பது மென்மை. துவைக்காமல் விட்டுப் பூச்சு போய், புதிது ஒன்று வாங்கினால் செலவாகும் கச்சா எண்ணெயும் மின்சாரமும் தண்ணீரும் மிக அதிகம். அதனால் துவைக்கத்தான் வேண்டும். ஆனால் சேறு பட்டால் ஈரத்துணியால் துடைப்பது, கழுத்தை மட்டும் கழுவுவது, முழுத் துவையலை எண்ணி வைத்துக்கொள்வது என்று மாறியிருக்கிறேன். தினம் போடும் எனக்கு மழைக்காலத்தில் மாதம் ஒன்று. வாரம் இரண்டு நாள் போடுகிறவருக்கு வருடம் இரண்டு மூன்று போதும்.

துவைத்த தண்ணீரைப் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டுகிறேன். சாம்பல் நிறப் பஞ்சு கொஞ்சம் நிற்கிறது. மிக நுண்ணியது தாண்டித்தான் போகும். நிற்பதாவது ஓடைக்குப் போகாமல் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10

பாட்டில் எப்படித் துணியாகிறது என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். வகுப்பில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துக் காட்டலாம். பாட்டிலையும் மூடியையும் துண்டாக்கிப் போடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். ஆலைகளில் இரண்டையும் பிரிப்பதும் இப்படித்தான். பிறகு கழுவி, உலர்த்தி, உருக்கிச் சல்லடை போன்ற துளைகள் வழியாக இழுத்தால் இழை. இதெல்லாம் தூரத்து விஷயம் இல்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீலக் கையில்லா ஜாக்கெட்டின் பாட்டில் துணி நம் கரூரிலிருந்து போனதுதான்.

ஆனால் அவர் அடுத்துக் கேட்டது என்னை நிறுத்திவிட்டது. பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்கலாம், ஜாக்கெட்டைத் திரும்ப ஜாக்கெட்டாக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. வெளித்துணி பாலியஸ்டர், சவ்வு பாலியூரித்தேன், ஜிப் ஒரு பொருள், டேப் ஒரு பொருள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. '100 சதவீதம் மறுசுழற்சி' என்று சீட்டில் இருப்பதும் அநேகமாக வெளித்துணியை மட்டும் சொல்வது. அந்தப் பாட்டிலுக்கு இதுவே கடைசிப் பிறவி. அதனால்தான் ஒரு வருடத்தில் இதைத் தூக்கிப்போடப் பார்க்கிறவரைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

ஆகஸ்ட் 24

உள்பக்கம் பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உரிகிறது, புளித்த வாடை வருகிறது என்று எழுதிய நண்பருக்கு: அது போய்விட்டது, துவைத்து மீட்க முடியாது. ஈரமும் வெக்கையும் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சைச் சிதைத்துவிட்டன. நனைந்ததை அப்படியே சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டால் வெளித்துணி காற்றுக்குப் போட உதவும். நாங்கள் அப்படி ஒன்றைப் பிரித்துக் கன்றுத் தட்டுக்கு மூடியாகவும், இன்னொன்றைப் பைக்கு உறையாகவும் தைத்திருக்கிறோம்.

செப்டம்பர் 14

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் எல்லாத் துணியும் அடுப்புக்கு மேலே கொடியில்தான் காயும். ஜாக்கெட்டை அங்கே போடாதீர்கள் என்று சொல்ல நினைத்து மறந்துவிட்டேன். போன வாரம் எனக்கே ஒரு பொறி பறந்து வலது கையில் மிளகளவு ஓட்டை.

தைக்கத்தான் முதலில் கை போயிற்று. டெய்லர் தம்பி சொன்னான், "அண்ணே, ஒரு ஓட்டைய மூட இருபது ஓட்ட போடுவேன், பரவால்லயா?" சரியான பேச்சு. ஊசி போன இடமெல்லாம் ஒழுகும். பழைய குடைத்துணியில் மூலையில்லாமல் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, வளைந்து கொடுக்கும் பசையால் உள்பக்கம் ஒட்டி, மேலே ஒரு புத்தகக் கட்டை வைத்து ஒரு நாள் விட்டேன். வட்டமாக வெட்டினால் மூலை பிரியாது.

செப்டம்பர் 15

உடைந்த ஜிப் இழுப்பானுக்குச் செருப்புக் கடையில் 20 ரூபாய்க்கு வேறு போட்டுத் தருகிறார்கள். இதற்காக ஜாக்கெட்டை மூலையில் போட்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

அக்டோபர் 19

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது, எங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் ஜாக்கெட் உள்ளே போகாது. கூடலூர்க்காரர் எடுத்து வைக்கும் முறை கேட்கிறார். துவைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு, மடிக்காமல் அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். உறையில் திணித்தால் மடிப்பில் டேப் விரியும். பீரோவுக்குள் வேண்டாம், நம் ஊரில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்துவிட்டால் வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து ஒற்றி எடுத்து, அலசிக் காற்றில் போடுங்கள். நாப்தலின் உருண்டை வைக்காதீர்கள், வாடை போகவே போகாது.

நவம்பர் 2

கூடலூரிலிருந்து செய்தி. தோளுக்கு மட்டும் ஸ்பிரே அடித்திருக்கிறார். ஹூடை இரண்டாம் தடவை பாத்திரத் திரவத்தால் கழுவியிருக்கிறார். நேற்று தேவர்சோலைப் பக்கம் இரண்டு மணி நேர மழை. கழுத்துப்பட்டியில் மட்டும் ஒரு விரல் அகலம் ஈரம், மற்ற இடமெல்லாம் உருண்டு ஓடிவிட்டதாம்.

மைத்துனர் தன் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், துவைத்துத் தரச் சொல்லி. அவர் தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பவராம். கூடலூர்க்காரரே, அதற்கு 10 நிமிடம் போதாது, அரை மணி ஊறவையுங்கள். திரவத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.